"அக்கா, அங்கே பகல்ல என்ன பண்ணுவீங்க?": வெளிநாட்டு மாப்பிள்ளை பார்க்கும் கொங்கு நாட்டுப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்கும், ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலையும் மாமன், சித்தப்பன்மார்களுக்கும், ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கம் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர்களுக்கும் வணக்கமுங்க.

நான் கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி அமெரிக்கா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருக்கிறோம். மகனுக்குப் பள்ளி விடுமுறை என்று இந்த ஆனி மாதம் ஊருக்கு வந்திருந்தேன். வந்த இரண்டாவது வாரம் சித்தப்பா மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளைக்கு டல்லஸில் மென்பொருள் வேலை. நல்ல குடும்பம், நல்ல பையன். பெண் பி.டி.எஸ். முடித்துவிட்டுப் பெருந்துறையில் ஒரு பல் மருத்துவமனையில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். சொந்தபந்தம் எல்லாம் வந்து, வெற்றிலை பாக்கு மாற்றி, ஒப்புட்டு சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

பந்தி முடிந்து பெரியவர்கள் பந்தலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவள் என்னைக் கட்டுத்தறிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, மாட்டுக்கு எட்டாத தூரத்தில் நின்றாள். நகையைப் பற்றியோ, பெட்டியில் என்ன எடுத்து வைப்பது என்றோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, அங்கே பகல்ல என்ன பண்ணுவீங்க?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் "அதெல்லாம் நல்லாப் பொழுது போகும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிடுவது போல் உள்ளே போய்விட்டேன். அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. நான் சொன்னது பொய். என் கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஒரு அக்காவிடம் ஏறக்குறைய இதையே கேட்டேன், அவரும் இதே பதிலைத்தான் சொன்னார். அவளிடம் உண்மையைச் சொல்வது என் கடமை. அவளை அனுப்பி வைக்கிற உங்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்த மடல்.

பகலில் என்ன செய்வேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் போய் இறங்கியது 2015 ஜனவரி. சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, ஹாஸ்டலில் நான்கு பேரோடு ஒரே அறையில் இருந்து, ராத்திரி பதினொரு மணி வரை கதை பேசிப் பழகியவள் நான். அங்கே முதல் வாரமே பனி. வீட்டுக்காரர் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறரைக்கு வருவார். இருப்பது ஒரே கார், அது அவரோடு போய்விடும். கடை மூன்று கிலோமீட்டர். சாலையோரத்தில் நடக்கப் பாதை கிடையாது. பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாது. ஐந்தரைக்குள் இருட்டிவிடும்.

காலை எட்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிடுவேன். ஊரில் அப்போது சாயங்காலம் ஆறரை. பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து அம்மா அடுப்படியில் இருப்பார். ஒரு மணி நேரம் பேசுவோம். அப்புறம் அப்பா தோட்டத்திலிருந்து வருவார், சாப்பாடு, சீரியல். "சரி வெக்கட்டுமா கண்ணு" என்று அம்மா வைத்துவிடுவார். எனக்கு மத்தியானம் பன்னிரண்டு ஆகும்போது ஊரில் இரவு பத்தரை. அதற்கு மேல் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் தூங்கிவிடுவார்கள். அம்மா, அப்பா, அப்பாரு என்று நாங்கள் கூப்பிடும் தாத்தா, ஹாஸ்டல் தோழிகள், எல்லோரும். மத்தியானம் இரண்டு மணி என்றால் எனக்கு இன்றைக்கும் வயிற்றில் ஒரு மாதிரி இருக்கும். வெளியே வெளிச்சமாக இருக்கும், ஆனால் என் உலகம் மொத்தமும் தூங்கிக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கதவைத் திறந்து உள்ளே வருவார். நான் பேச வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்பார். சளி இல்லை. காலை ஒன்பது மணிக்கு அம்மாவிடம் பேசி வைத்ததற்குப் பிறகு வாயே திறக்கவில்லை, அவ்வளவுதான். இது தினமும் நடந்தது. தொண்டையைச் செருமிவிட்டுக் கதவருகே போய் நிற்கப் பழகிக்கொண்டேன்.

ஊரில் எங்கள் வீட்டில் தனியாக இருப்பது என்பதே நடக்காத காரியம். அப்பாவுக்குக் கரும்புக்காடு. ஆலை ஓடும் நாளில் விடியற்காலை மூன்று மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். பாகு கொதிக்கும் வாசம் வீட்டுக்குள் வரும், பள்ளிக்கூடத்துப் பையில் கூட அந்த வாசம் இருக்கும். எங்கள் பக்கத்து நாட்டுச்சர்க்கரை கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்துக்குப் போகும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கோயில் நிர்வாகம் வாங்குவது அங்கேதான். நான் புறப்பட்டபோது அம்மா இரண்டு கிலோ நாட்டுச்சர்க்கரையை மூன்று கவர் போட்டுக் கட்டிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு கரண்டி கூடக் காப்பிக்குப் போடவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் கவரைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கட்டி வைப்பேன். அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். ஏப்ரல் வருவதற்குள் சர்க்கரை கல் மாதிரி இறுகிவிட்டது. வாசமும் போய்விட்டது. அன்றைக்கு அழுத மாதிரி நான் விமான நிலையத்தில் கூட அழவில்லை.

இதைப் படித்துவிட்டு மாப்பிள்ளையைக் குறை நினைக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். ஒரு சொல் கடுமையாகப் பேசியதில்லை. அதனாலேயே யாரிடமும் எதையும் சொல்ல முடியாமல் போனது. என்னவென்று சொல்வது? அடித்தாரா, திட்டினாரா, சாப்பாடு இல்லையா, பணம் இல்லையா? ஒன்றும் இல்லை. பெரியம்மா ஒருமுறை போனில் சொன்னார், "மகராசியாட்டம் இருக்கறே, உனக்கென்ன சாமி கொறை?" அதற்கு மேல் நான் என்ன பேச?

நம் பக்கம் வரன் விசாரிப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். எந்தக் கூட்டம் என்று குலம் கேட்கிறோம், குலதெய்வம் கேட்கிறோம், தோட்டம் எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் நிற்குமா, அண்ணன் தம்பி பாகம் பிரிந்ததா என்று எல்லாம் கேட்கிறோம். பையன் சிகரெட் பிடிப்பானா என்று அவன் படித்த கல்லூரி வரை ஆள் விட்டு விசாரிக்கிறோம். நல்லதுதான். இதையும் கேளுங்கள். 2023 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அலுவலராக இருந்த விவேக் மூர்த்தி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் குடும்பத்துக்குப் பூர்வீகம் நமக்குப் பக்கத்தில் இருக்கும் கர்நாடகத்து மாண்டியா மாவட்டம். மனிதத் தொடர்பு இல்லாமல் வாழ்வது சீக்கிரம் சாகும் அபாயத்தைக் கூட்டுகிறது, ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் வரை பிடிப்பதால் வரும் அபாயத்தோடு அதை ஒப்பிடலாம் என்று அதில் சொல்லியிருந்தார். 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை வந்தது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார், ஆண்டுக்குச் சுமார் 8,71,000 சாவுகளுக்கு அதோடு தொடர்பு இருக்கிறது என்றது. மாப்பிள்ளை பிடிக்கும் சிகரெட்டைத் தேடித்தேடி விசாரிக்கிறோம். பெண் உட்காரப் போகும் வீட்டின் பகல் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

பகல் எப்படி இருக்கும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது விசா. இதைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அமெரிக்காவில் நம் பையன்கள் பெரும்பாலும் இருப்பது ஹெச்-1பி என்ற வேலை விசாவில். அவர்கள் கட்டிக்கொண்டு போகும் பெண்ணுக்குக் கிடைப்பது ஹெச்-4, அதாவது கணவரைச் சார்ந்து தங்கும் விசா. அந்த விசாவை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. அந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் கேட்கும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வேலை அனுமதி இல்லாத ஹெச்-4 பெண்ணுக்குக் கிடைக்காது. 2015 மே 26 முதல் ஒரு மாற்றம் வந்தது. கணவருக்கு, அங்கேயே நிரந்தரமாகத் தங்க உதவும் கிரீன் கார்டு வழியில் ஐ-140 என்ற மனு ஏற்கப்பட்டிருந்தாலோ, அந்த வழியில் காத்திருப்பதால் ஹெச்-1பிக்கு உள்ள ஆறு வருஷ வரம்பைத் தாண்டி அவருடைய விசா நீட்டிக்கப்பட்டிருந்தாலோ மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். முதல் வருஷத்திலேயே 1,79,600 பேர் வரை இதற்குத் தகுதி பெறலாம் என்று அந்த அரசே கணக்குச் சொன்னது. அத்தனை பேர் படித்துவிட்டு வீட்டில் இருந்தார்கள் என்றுதான் அதை நான் படித்தேன். பெரும்பாலும் இந்தியப் பெண்கள்.

என் வீட்டுக்காரருக்கு அந்த மனு 2018இல்தான் ஆனது. எனக்கு வேலை அனுமதி அட்டை கையில் வந்தது 2019. நான்கு வருஷம். அந்த நான்கு வருஷத்தையும் கல்யாணத்துக்கு முன்பே கணக்குப் போட்டிருக்க முடியும். பையனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஐ-140 ஆயிருச்சுங்களா தம்பி?" இதைக் கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோமே.

அதே அமெரிக்காவில் கம்பெனி மாற்றலில் எல்-1 விசாவில் போகிறவரின் மனைவி என்றால் 2021 நவம்பருக்குப் பிறகு தனி அனுமதி அட்டைக்குக் காத்திருக்காமல் வேலை செய்யலாம். சிங்கப்பூரில் 2021 மே முதல், கணவரைச் சார்ந்து தங்கும் டிபெண்டன்ட் பாஸில் போகும் மனைவி சம்பள வேலைக்குப் போக வேண்டுமானால் தனக்கென்று தனி வேலை அனுமதி வாங்க வேண்டும். ஜெர்மனியில் கணவரோடு சேர்ந்து வாழப் போகும் பெண் வேலைக்குப் போகத் தடை இல்லை, ஆனால் மொழி தெரியாமல் வேலை கிடைப்பது கஷ்டம். நாட்டுக்கு நாடு வேறு, வருஷத்துக்கு வருஷம் மாறும். நிச்சயம் பேசும் தேதியில் என்ன விதி என்று பாருங்கள். எங்கள் மாமா பையன் அங்கே இருக்கிறான், அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள்.

படிப்பும் அப்படித்தான். கணினி படித்தவளுக்கு அனுமதி வந்தால் வேலைக்கு வழி உண்டு. பல் மருத்துவம் படித்த பெண் அமெரிக்காவில் பல்லைத் தொட வேண்டுமானால் தேர்வு எழுதி, பெரும்பாலான மாநிலங்களில் அங்கே ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் மறுபடியும் இரண்டு மூன்று வருஷம் படிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு நம் ஊரில் ஒரு நல்ல வீடு கட்டும் செலவு. என் தங்கச்சிக்கு இது தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது. "போனதும் ஒரு கிளினிக்ல சேர்ந்துக்குவா" என்று பந்தியில் ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

தகவல் மையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படிவத்தில் உயரம், நிறம், நட்சத்திரம், சொத்து விவரம் எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டு வரனுக்கு இரண்டே இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: என்ன விசா, மனைவிக்கு வேலை அனுமதி உண்டா இல்லையா. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற தொழிலாளிக்குப் புறப்படும் முன் ஒரு நாள் பயிற்சி என்று வெளியுறவு அமைச்சகம் ஏற்பாடு செய்திருக்கிறது. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அப்படி எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நம்மிடம் அயலகத் தமிழர் நலனுக்கென்று ஒரு துறையே இருக்கிறது, ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாள் என்று கொண்டாடுகிறோம். அந்த மேடையில் இந்தப் பெண்களின் பகலைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினால் நன்றாக இருக்கும்.

இனி அம்மாக்களிடம்.

போனில் நான் சொல்லத் தொடங்கியபோதெல்லாம் கிடைத்த பதில், "ஒரு கொழந்தை பொறந்தாச் செரியாப் போயிரும்." 2017இல் மகன் பிறந்தான். பிரசவத்துக்கு அம்மா வந்தார், ஆறு மாதம் தங்க அனுமதி. வந்த நான்காவது நாள் மத்தியானம், குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே ஜன்னலோரம் நின்றவர், "ஏங்கண்ணு, இந்த ஊர்ல ஆளுகளே இல்லையா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாயங்காலம் வரை எண்ணினார். மூன்று பேர் நடந்து போனார்கள். மூன்று பேர் கையிலும் நாய்.

அன்று ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இத்தன வருசமா இப்படித்தான் இருந்தியா? ஏஞ்சாமி சொல்லலை?"

"சொன்னேம்மா. போரடிக்குதுன்னு சொன்னேன்."

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ போரடிக்குதுன்னே, நான் டிவி பாருன்னு சொன்னேன்" என்றார்.

அம்மா மேல் தப்பில்லை. எங்கள் இருவரிடமும் அதற்குச் சொல் இருக்கவில்லை. தனிமை என்று நம் வீட்டில் யார் பேசுகிறார்கள்? அது கதையில் வரும் சொல். நம் பெண்கள் "போரடிக்குது" என்பார்கள், "தூக்கமே வர்றதில்ல" என்பார்கள், "சமைக்கப் புடிக்கல" என்பார்கள், இல்லையென்றால் ஒரே நாளில் நான்கு முறை கூப்பிட்டு "சும்மாதாம்மா கூப்பிட்டேன்" என்பார்கள். இதில் எது வந்தாலும் அடுத்த வேலையை விட்டுவிட்டு உட்காருங்கள். "டிவி பாரு", "கோயிலுக்குப் போ", "எதாச்சும் விசேசம் உண்டா" என்று சொல்லாதீர்கள். நேற்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்தாய், யாரிடம் பேசினாய் என்று கேளுங்கள். யாரிடமும் பேசவில்லை என்று மூன்று நாள் தொடர்ந்து பதில் வந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

ஒன்றைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும். சில வீடுகளில் தனிமைக்குக் காரணமே கணவன்தான். போனைப் பிடுங்கி வைப்பது, பாஸ்போர்ட்டை ஒளிப்பது, கை நீட்டுவது. அது கொடுமை, அதற்குப் பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள். ஹெச்-4இல் இருந்து கொடுமைக்கு ஆளாகும் பெண் தனக்கென்று வேலை அனுமதி கேட்க அமெரிக்கச் சட்டத்தில் தனி வழியே இருக்கிறது. மனம் முறிந்து தவறான எண்ணம் வந்தால் 988 என்ற எண்ணை அந்த நாட்டில் எந்தப் போனிலிருந்தும் அழைக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். நம் ஊரில் இருக்கும் 14416 மனநல எண் ஊரில் இருப்பவர்களுக்கானது, வெளிநாட்டிலிருந்து அந்த ஐந்து இலக்கத்தை அடித்தால் போகாது. ஆனால் மகளை நினைத்துத் தூக்கம் போன அம்மா அதில் பேசலாம்.

எனக்கு எது உதவியது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் கார். இரண்டாவது வருஷம் ஓட்டுநர் உரிமம் எடுத்தேன், பழைய கார் ஒன்று வாங்கினோம். அந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாதவள் கிணற்றுக்குள் இருப்பவள். நம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டத் தெரிந்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களையும் கல்யாணத்துக்கு முன் கார் பழக அனுப்புவதில்லை. சீர் வரிசையில் ஒரு பவுனைக் குறைத்துக்கொண்டு கார் பழக்கி அனுப்புங்கள்.

அப்புறம் நூலகம். கொலம்பஸில் பொது நூலகத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், காசு கிடையாது. அங்கே குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரத்தில் ஒரு தெலுங்குப் பெண்ணைப் பார்த்தேன், நெல்லூர் பக்கம். என்னைப் போலவே ஹெச்-4. அவளுக்குத் தமிழ் வராது, எனக்குத் தெலுங்கு வராது, ஆங்கிலத்தில் ஆரம்பித்தோம். செவ்வாயும் வியாழனும் அவள் வீட்டுக்கு நான், என் வீட்டுக்கு அவள் என்று முறை வைத்துக்கொண்டோம். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்த மாதிரி, விட்டுக்கொடுக்காமல். அவளுக்கு அரிசிம்பருப்புச் சாதம் செய்யக் கற்றுக்கொடுத்தேன், நெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டு இது என்ன சாம்பார் சாதமா என்று கேட்டாள். வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுக்கப் போனேன். சனிக்கிழமை இரண்டு மணி நேரம்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்காக வெள்ளிக்கிழமை பகல் முழுக்கத் தயார் செய்வேன். ஒரு பகல் கடந்துவிடும்.

இவ்வளவும் இருந்தும் 2021 மே மாதம் எல்லாம் கலைந்தது. அப்பாரு போய்விட்டார். எனக்கு விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. இந்தியாவிலிருந்து வருவோருக்கு அமெரிக்கா அந்த மாதம்தான் தடை போட்டிருந்தது, சென்னைத் துணைத் தூதரகத்தில் விசாவுக்கு நாள் கிடைக்காத நேரம். போனால் எப்போது திரும்புவேன் என்று தெரியாது, கையில் நான்கு வயதுப் பிள்ளை. எடுத்துப் போனதைப் போனில் பார்த்தேன். தம்பி கையில் பிடித்திருந்த போன் ஆடிக்கொண்டே இருந்தது, பெரும்பாலும் வேப்பமரமும் வானமும்தான் தெரிந்தன. நெல்லூர்க்காரிதான் அன்று வந்து சமைத்து வைத்துவிட்டுப் போனாள். துக்கத்துக்கு ஊர் திரண்டு வரும் மண்ணில் பிறந்தவளுக்கு அன்றைக்கு வந்தது அவள் ஒருத்தி. அவளும் வரவில்லை என்றால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அப்பாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான வீட்டில் அப்பாவின் பேச்சு "சாப்ட்டியா கண்ணு, இந்தா அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்பதோடு முடிந்துவிடும். என் அப்பாவும் அப்படித்தான். முதல் வருஷம், ஒரு நாள் மத்தியானம் இரண்டரை மணிக்குப் போன் அடித்தது. ஊரில் அது ராத்திரி ஒரு மணி. பயந்துபோய் எடுத்தேன். "ஒண்ணுமில்ல கண்ணு, த்ரீபேஸ் கரண்டு வந்துச்சு, மோட்டார் போட வந்தேன், அப்படியே கூப்பிட்டேன்" என்றார். பின்னால் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். ராப்பூச்சிச் சத்தம். அப்பா அதிகம் பேசவில்லை. எந்தப் பாத்திக்குத் தண்ணீர் போகிறது, எந்த மாடு சினையாக இருக்கிறது என்று அவ்வளவுதான். போனைக் கல்லின் மேல் வைத்துவிட்டு மடை திருப்பப் போவார், நான் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். வாரத்துக்கு இரண்டு நாள் அப்படி. அந்த மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி ரொம்ப நாள் ஆயிற்று, கரண்டு வந்தால் தானே ஓடிவிடும் என்று அம்மா பிரசவத்துக்கு வந்தபோதுதான் சொன்னார். அப்பாவிடம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உங்கள் மகளுக்கு எந்த நேரம் ஆள் இல்லாத நேரம் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் வைத்து எழுந்து வாரத்தில் ஒரு நாள் கூப்பிடுங்கள். பேச விஷயம் வேண்டியதில்லை.

போன வாரம் சித்தப்பாவிடமும் மாப்பிள்ளைப் பையனிடமும் பேசினேன். பையன் நல்ல மாதிரி, கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னான். ஐ-140 இன்னும் ஆகவில்லை, கம்பெனியில் ஆரம்பித்திருக்கிறார்கள் என்றான். இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். கல்யாணம் ஆவணியில் குறித்த தேதியில்தான். ஆனால் அவள் கார் பழகச் சேர்ந்துவிட்டாள், பல் மருத்துவத் தேர்வுக்கான புத்தகங்களை இங்கிருந்தே படிக்க ஆரம்பிக்கிறாள், டல்லஸில் எந்தக் குடியிருப்பிலிருந்து நூலகத்துக்கு நடந்து போக முடியும் என்று பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அப்புறம் அவளைக் கூப்பிட்டு, கட்டுத்தறியில் கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஒன்றரை மணி நேரம். தொண்டை கரகரத்தது, சர்க்கரை கல்லானது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவள் ஒன்றும் பேசவில்லை. முடித்த பிறகு, "டல்லஸுக்கும் உங்க ஊருக்கும் நேரம் எத்தனை வித்தியாசங்க்கா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம்தான் கண்ணு, உனக்கு மத்தியானம் இரண்டு மணி என்றால் எனக்கு மூன்று, ஆபீஸில் டீ குடிக்கும் நேரம், கூப்பிடு என்றேன்.